கணக்கும் வேண்டும், கம்பம் ஏறும் கரமும் வேண்டும்!



2003 ஆகஸ்ட் 14. அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். அணுகுண்டா விழுந்தது? இல்லை! ஒகையோ மாநிலத்தில் வெட்டாமல் விட்ட மரங்களில் மின்கம்பிகள் உரசின. எச்சரிக்க வேண்டிய கணிப்பொறியோ ஊமையாகிக் கிடந்தது. ஒரு கம்பி ஓய்ந்ததும் அதன் பாரம் அடுத்ததன் தலையில், அதுவும் ஓய்ந்தது!

அதே அமெரிக்காவின் எரிசக்தித் துறை 2019இல் ஒரு கணக்குப் போட்டி நடத்திற்று. எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும்? செலவு குறைய வேண்டும். எந்தக் கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்க வேண்டும். சில பிரிவுகளுக்கு 10 நிமிடமே கெடு, மற்றவற்றுக்கு 45. முதலிடம் பெற்றது லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடக் குழு. ஆம், அணு ஆயுத ஆராய்ச்சிக்குப் பெயர்போன அதே கூடம்! அழிவுக்குப் பயன்பட்ட அறிவு விளக்கேற்ற வந்தால் வரவேற்போம். 10 குழுக்களுக்குப் பரிசு 34 இலட்சம் டாலர். யார் பணம்? மக்களின் வரிப்பணம்!

கணிப்பொறியைக் கண்டு மிரளுவோர் அல்லர் நாம். நாம் கேட்பது ஒன்றே: மிச்சமாகும் பணம் யார் பைக்கு? முதலாளியின் இலாபக் கணக்குக்கா, ஏழை வீட்டு மின்கட்டணத்துக்கா?

மரக்கிளை கம்பியை உரசுவதைக் கணக்கு வெட்டாது. கத்தி பிடித்த தொழிலாளிதான் வெட்டுவான். அறுந்த கம்பியை விடை இணைக்காது. கொட்டும் மழையில் கம்பம் ஏறுபவன்தான் இணைப்பான்.

கணக்கு கட்டணத்தைக் குறைக்கட்டும். ஆளைக் குறைக்க வேண்டாம்!