எலும்புகளுக்குப் பெயர் தருவது யார்?

யாழ்ப்பாணம் அரியாலை, செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் அடையாளம் காணப்பட்ட மனித எலும்புக்கூடுகளின் எண்ணிக்கை 2025 செப்டெம்பர் ஆரம்பத்தில் 240 ஐ எட்டியது. அவ்வெண்ணிக்கையை நாளாந்தம் பிரசுரித்த பத்திரிகைகளுள் எமதும் ஒன்று. ஆயினும் மகனைத் தேடும் தாயொருவர் கேட்பது எண்ணை அல்ல.

புதைகுழியிலிருந்து மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் 2025 ஆகஸ்ட் 5 ஆம் திகதி மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. அது தேவையான முயற்சியே. ஆனால், ஆயிரக்கணக்கில் தைக்கப்படும் சட்டையொன்றை வைத்து ஆளை உறுதிசெய்ய முடியாது. எலும்பைப் பார்த்து வயது, பால், உயரம், காயம் என்பவற்றைச் சட்ட வைத்திய நிபுணர் கூறுவார். காபன் பரிசோதனை காலத்தைக் கூறும். 2018 இல் மன்னார் சதொச வளாகத்தில் மீட்கப்பட்ட 300 இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளின் மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டு, அவை 15 முதல் 17 ஆம் நூற்றாண்டு வரையானவை என அறிக்கை வந்தது. அந்த அறிக்கை பற்றிய சர்ச்சை எவ்வாறிருப்பினும், அங்கு புதைக்கப்பட்டவர்கள் யார் என்பதை அது கூறவில்லை, கூறவும் இயலாது.

பெயரைத் தரக்கூடியது மரபணுப் பரிசோதனையே. பல்லிலும் உட்காதைச் சூழ்ந்த கடினமான எலும்பிலும் மரபணு நீண்டகாலம் எஞ்சியிருக்கும். எமது வெப்பமும் ஈரமும் அதைச் சிதைப்பது உண்மை. எனினும் முயற்சிக்க இடமுண்டு. பெரிய இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. எலும்பின் மரபணுவை ஒப்பிட உறவினரின் மாதிரி வேண்டும். பிள்ளையின் மரபணுவில் சரிபாதி தாயிடமிருந்தும் மறுபாதி தந்தையிடமிருந்தும் வருவதால் பெற்றோரின் மாதிரியே மிக வலுவானது. ஒன்றுவிட்ட சகோதரரின் மாதிரி தரும் உறுதி அதைவிட வெகு குறைவு.

அந்தப் பெற்றோரோ மறைந்துகொண்டிருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தவர்களுள் பலர் இன்று உயிருடன் இல்லை. 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் கடத்திக் கொல்லப்பட்ட காத்தான்குடி முஸ்லிம்களின் பெற்றோருள் எஞ்சியிருப்போர் எத்தனை பேர்?

ஆர்ஜென்டீனாவில் பேரக்குழந்தைகளைத் தேடிய பாட்டிமார், உறவினரின் மரபணுத் தரவு வங்கியொன்றை 1987 இலேயே சட்டத்தின் மூலம் பெற்றுக்கொண்டனர். தமது மரணத்தின் பின்னரும் தேடல் நின்றுவிடக்கூடாது என்பதே அவர்களது கவலையாயிருந்தது. பொஸ்னியாவில் உறவினரின் இரத்த மாதிரிகளைப் பெருமளவில் திரட்டியதாலேயே, 1995 இல் ஸ்ரெப்ரெனிகாவில் கொல்லப்பட்ட சுமார் 8,000 பேரில் பெரும்பான்மையோர் பெயருடன் அடக்கம் செய்யப்பட்டனர். ஏன், சுனாமிக்குப் பின்னர் 2005 இல் கல்முனையில் ஒரு குழந்தையின் பெற்றோரை நீதிமன்றம் உறுதிசெய்ததும் இதே பரிசோதனையினால்தான்.

உறவினரின் மாதிரிகளைத் திரட்டுவதற்கு அகழ்வு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் ஒற்றியெடுத்தாலே போதும். ஆனால் அரச அலுவலகத்திடம் அதைக் கொடுக்க எமது மக்கள் அஞ்சுவர். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே மாதிரிகள் சர்வதேச நிபுணர்களின் மேற்பார்வையில் பேணப்பட வேண்டும். அடையாளம் காண்பதைத் தவிர வேறெதற்கும் அவற்றைப் பயன்படுத்த முடியாதவாறு சட்டமும் இயற்றப்பட வேண்டும். வயது முதிர்ந்த பெற்றோரிடமிருந்தே அப்பணியை ஆரம்பிக்குமாறு நாம் கோருகிறோம்.