பெண்ணுக்குரிய பங்கு யார் கையில்?

வாரிசுரிமை பற்றிய வாதம் நாடெங்கும் மீண்டும் சூடேறியிருக்கின்றது. 2025 ஜனவரி 27ஆம் நாள் உத்தராகண்ட் மாநிலத்தில் பொது சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது அதன் விதி. அதற்கு முந்திய ஆண்டில், தம் சொத்துக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்த வேண்டும் என்று கேட்டுக் கேரளத்துப் பெண்மணி ஒருவர் உச்சநீதிமன்றத்தின் படியேறினார். ‘இஸ்லாம் பெண்ணுக்குப் பாதிதானே தருகின்றது?’ என்று ஒரு சாரார் வினவுகின்றனர். ‘அது இறைவன் வகுத்த வரம்பு, அதில் கை வைக்க எவருக்கும் உரிமையில்லை’ என்று நம்மவர் விடையிறுக்கின்றனர்.

அன்பார்ந்த வாசகர்களே! வினவுவோரும் விடையிறுப்போரும் ஒன்றை மெய்யென்று கொண்டே வாதாடுகின்றனர். அந்தப் பாதி பெண்ணின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றது என்பதே அது. சேர்கின்றதா? இவ்வினாவுக்கு விடை காண வடநாடு செல்ல வேண்டியதில்லை. நம் பழனி மலைத் தொடரையே எடுத்துக்கொள்வோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீண்டு கிடக்கும் இம்மலையை ஊரார் மேல்மலை என்றும் கீழ்மலை என்றும் பிரித்துச் சொல்வர். மன்னவனூர், பூம்பாறை முதலிய மேல்மலைக் கிராமங்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகின்றன. தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய கீழ்மலைப் பகுதிகளில் காப்பியும் மிளகும் ஆரஞ்சும் மலைவாழையும் விளைகின்றன. வத்தலக்குண்டு, பழனி, திண்டுக்கல் ஆகிய அடிவார ஊர்களில் தலைமுறைகளாக வாழும் இராவுத்தர் குடும்பங்களில் இவ்விளைபொருள்களை வாங்கி விற்றோரும் உண்டு. மலையில் தோட்டம் வாங்கியோரும் உண்டு. தோட்டத்தில் காப்பிப்பழம் பறிப்பவர் பெண், களையெடுப்பவர் பெண், பூண்டைக் காயவைத்துக் கட்டுபவர் பெண். பட்டாவைக் கையில் வாங்கிப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் ஆணின் பெயரே இருக்கும்.

இது முஸ்லிம் குடும்பங்களுக்கு மட்டும் உரிய குறையன்று. 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி செய்யப்படும் நில அலகுகளுள் பெண்கள் பொறுப்பில் இருந்தவை நூற்றுக்குச் சுமார் 14. பரப்பளவில் நூற்றுக்கு 12க்கும் சற்றுக் குறைவு. இந்துப் பெண்களுக்கு மூதாதையர் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையைத் தமிழகம் 1989ஆம் ஆண்டிலேயே அளித்தது. நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. அவர்தம் சகோதரிகளும் கையொப்பமிட்டு விலகிக்கொண்டுதான் இருக்கின்றனர். ஆயினும் நமக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. அவர்கள் கையில் உள்ளது முப்பது நாற்பது ஆண்டுச் சட்டம். நம் கையில் உள்ளதோ பதினான்கு நூற்றாண்டுத் திருமறை.

இதே மலையில், கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில், 1984ஆம் ஆண்டு தோன்றிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கின்றது. பெண்களுக்கென்றே தமிழக அரசு ஏற்படுத்திய பல்கலைக்கழகம் அது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அம்முயற்சியில் அதற்கும் பங்கு உண்டு. பூண்டின் பெருமையை நிலைநாட்டப் பெண்கள் பயிலும் கல்விக்கூடம் துணை நின்றது. பூண்டு விளையும் மண்ணில் பெண்ணுக்கு உரிமை எவ்வளவு என்று கேட்டால் விடை தயங்கித்தான் வரும். கல்வியில் நம் சமுதாயம் பின்தங்கிவிடவில்லை. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு நூற்றுக்கு 83 அளவில் இருந்தது; மாநிலச் சராசரியோ 73 தான். எழுத்தறிந்த கைதான் விடுதலைப் பத்திரத்திலும் கையொப்பமிடுகின்றது. படிப்பு ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று மேடைதோறும் முழங்குவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அதென்ன விடுதலைப் பத்திரம்? தந்தை காலமாகின்றார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிகின்றது. வாரிசுச் சான்று வாங்குகின்றனர். அதில் மகளின் பெயரும் இருக்கின்றது. பிறகு ஒரு நாள், ‘ஒரு கையெழுத்துத்தான் புள்ளே, வந்துட்டுப் போ’ என்று அண்ணன் அழைக்கின்றார். சார்பதிவாளர் அலுவலகத்தில், தன் பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதப்பட்ட தாளில் அவள் கையொப்பமிடுகின்றாள். மாலையில் அண்ணன் வீட்டில் விருந்து. ஒரு பட்டுச் சேலை. காரியம் முடிந்தது.

அவள் ஏன் மறுப்பதில்லை? சமூகவியலாரும் பொருளியலாரும் இதனை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். தெற்காசியப் பெண்களின் நில உரிமை பற்றி 1994இல் விரிவான நூல் எழுதிய பொருளியல் அறிஞர் பீனா அகர்வால், சட்டம் தரும் உரிமைக்கும் கையில் உள்ள உடைமைக்கும் இடையே உள்ள பள்ளத்தை எடுத்துக்காட்டினார். கணவன் வீட்டில் துன்பம் நேர்ந்தால் திரும்பி வரப் பிறந்தகத்தின் கதவு திறந்திருக்க வேண்டும்; பங்கு கேட்டால் அக்கதவு அடைபடும். ஆகவே, வருங்காலப் பாதுகாப்புக்கு விலையாகத் தன் நிலத்தைக் கொடுக்கின்றாள் அவள். அவரும் பிரதீப் பாண்டாவும் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. நிலமோ வீடோ இல்லாத மனைவியருள் ஏறத்தாழ பாதிப்பேர் கணவனிடம் அடிபட்டதாகக் கூறினர்; இரண்டும் தம் பெயரில் உடையவர்களுள் அவ்வாறு கூறியோர் நூற்றுக்கு 7 பேர். பாதுகாப்பு வேண்டி எதை அவள் விட்டுக்கொடுக்கின்றாளோ, அதுவே அவளுக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கும்!

இப்போது மதீனாவுக்குச் செல்வோம். உஹதுப் போரில் ஷஹீதான ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண்மக்களை அழைத்துக்கொண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வருகின்றார். குழந்தைகளின் தந்தை விட்டுச்சென்ற பொருள் முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். பொருளின்றி இப்பெண்களுக்கு மணம் முடியுமா என்று முறையிடுகின்றார். இறைவன் தீர்ப்பளிப்பான் என்றார்கள் பெருமானார் (ஸல்). அதன்பின் அன்னிஸா அத்தியாயத்தின் பாகப்பிரிவினை வசனம் அருளப்பட்டது. அச்சகோதரரை அழைத்து, இரு பெண்களுக்கும் மூன்றில் இரண்டு பங்கும் தாய்க்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு பணித்தார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தத்தை 24 பங்காக்கினால் பெண்மக்களுக்கு 16, தாய்க்கு 3. எல்லாவற்றையும் வாரிக்கொண்டவருக்கு மிஞ்சியது 5. நியாயம் கேட்டு வந்தவர் ஒரு விதவை. அவர் கேட்டது குடும்ப மானத்துக்கு இழுக்கு என்று எவரும் அவரை வாயடைக்கவில்லை.

சொத்து குறைவாயினும் நிறைவாயினும் அதில் பெண்களுக்கும் பங்கு உண்டு, அது விதிக்கப்பட்ட பங்கு என்று திருமறை (4:7) அறுதியிட்டுரைக்கின்றது. பங்கீட்டை விவரித்த பின், இவை இறைவனின் வரம்புகள் என்றும், அவற்றை மீறுவோர்க்கு நரகம் என்றும் எச்சரிக்கின்றது (4:13, 14). தொழுகையை விட்டவரைக் கண்டிக்க மிம்பரில் நாம் தயங்குவதில்லை. தங்கையின் பங்கை உண்டவர் முதல் ஸஃப்பில் நிற்கின்றார்; அவரைப் பற்றி எத்தனை ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கின்றீர்கள்?

‘கல்யாணத்தில் நகை போட்டாயிற்றே, சீர் செய்தாயிற்றே’ என்பது வழக்கமான வாதம். தந்தை உயிரோடிருக்கையில் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுரிமை பிறப்பது அவர் கண்மூடிய பின்னர். பிறக்காத உரிமையை முன்கூட்டியே கழித்துவிட முடியாது என்பதே ஷரீஅத் சட்டத்தின் பொது விதி. பங்கை விட்டுத்தருவதாக ஒப்புக்கொண்டு அதற்கு ஈடாகப் பொருள் பெற்றுக்கொண்டவர், பிறகு வந்து பங்கு கேட்க இயலாத நிலையும் ஏற்படலாம் என்று உச்சநீதிமன்றம் 1973இலும், கேரளத்து இராவுத்தர் குடும்பம் ஒன்றின் வழக்கில் 2011இலும் கூறியுள்ளது உண்மையே. ஆயின் அது தெரிந்து பேசிப் பெற்ற ஈடு. மணப்பந்தலில் ஊர் மெச்சப் போட்ட நகையை அதனோடு ஒன்றாகக் குழப்புதல் தகாது. மேலும், அந்த நகையின் கதி என்ன? மாப்பிள்ளை கடைவைக்க அது அடகுக்குப் போயிருக்கும். மஹர் கொடுத்து மணக்க வேண்டியவன் கைக்கூலி வாங்கி மணந்தான். அக்கைக்கூலியைக் காட்டி அண்ணன் நிலத்தை எடுத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் இழந்தவள் அவளே.

மற்றொரு வழியும் உண்டு. தந்தையே தம் வாழ்நாளில் தோட்டத்தை மகன்கள் பெயருக்குத் தானமாக எழுதிவைத்துவிடுவார். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை, இம்மகனுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பை வழங்கி, அதற்கு நபிகளாரைச் சாட்சியாக்க வந்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று கேட்டார்கள் பெருமானார் (ஸல்). இல்லை என்றதும், பிள்ளைகளிடையே நீதமாக நடக்குமாறு அறிவுறுத்திச் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது.

தமிழ் முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்ணுக்கு வீடு தருவது வழக்கம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகின்றார். இலங்கையின் காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பகுதிகளிலும் இவ்வழக்கம் உண்டு. பெண் தன் வீட்டிலேயே இருப்பதால் அவளை வெளியே போகச் சொல்ல ஆளில்லை. அங்கும் ஒரு மகளுக்கு ஒரு வீடு கட்டித் தீர்வதற்குள் தந்தையும் சகோதரர்களும் படும் பாடு சிறிதன்று. ஆயினும், பெண் பெயரில் சொத்து இருந்தால் குடும்பம் குலைந்துவிடும் என்ற மலையடிவாரத்து அச்சத்துக்கு அக்கடற்கரை ஊர்கள் தக்க மறுப்பாகும்.

பாதிப் பங்கின் நியாயத்தை நாம் விளக்கும்போது, ஆணுக்குச் செலவுப் பொறுப்பு உண்டு, பெண்ணுக்கு இல்லை என்கின்றோம். நல்லது. அப்படியாயின் இரண்டு பங்கு பெற்றவர், மணவிலக்குப் பெற்றுத் திரும்பிய தங்கைக்குச் சோறு போடக் கடன்பட்டவராகின்றார். 1985இல் ஷா பானு வழக்கு. 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கு. 2024 ஜூலை 10ஆம் நாள், மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்படி ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு. இவ்வாறு நாற்பதாண்டுகளாக நம் பெண்கள் நீதிமன்றத்துக்கு நடந்தவண்ணம் இருப்பது எதனால்? பொறுப்பை விட்டுவிட்டுப் பங்கை மட்டும் வைத்துக்கொண்ட ஆண்களால் அன்றோ? ஷரீஅத்தைக் காக்கக் கூட்டம் கூட்டும் தலைவர்கள் இதனையும் தீர்மானமாக எழுதினால் நம் வாதத்துக்கு வலிமை சேரும்.

சட்டத்தில் ஓட்டை இருக்கின்றது என்று நாம் தப்பவும் வழியில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. ஊர் வழக்கம் என்று சொல்லி மகளை ஒதுக்க அது இடமளித்தது. சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டின் 18ஆம் சட்டத்தால் அவ்விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே முக்கால் நூற்றாண்டாக இங்கே காப்பித் தோட்டத்துக்கும் பூண்டு வயலுக்கும் திருமறையின் கணக்கே சட்டம்.

மலை நிலத்தின் மதிப்பும் பழைய மதிப்பன்று. வாகன நெரிசல் தாங்காமல் உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கொண்டுவர நேர்ந்தது. தங்கும் விடுதிகள் கீழ்மலை வரை இறங்கிவிட்டன. அன்று காட்டு நிலம் என்று தங்கை கையொப்பமிட்ட இடத்தில் இன்று சுற்றுலாக் குடில்கள் நிற்கின்றன. அவள் மகன் அடிவாரத்தில் வாடகை வீட்டில் இருக்கின்றான்.

இறந்தவர் 4 ஏக்கர் தோட்டம் விட்டுச்சென்றார் என்றும், மனைவியும் இரு மகன்களும் ஒரு மகளும் உள்ளனர் என்றும் கொள்வோம். முதலில் கடன் தீர வேண்டும். கொடுபடாத மஹரும் கடனே. மரண சாசனம் இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் அதனை நிறைவேற்ற வேண்டும். இவை ஏதுமில்லையெனில் மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய 50 சென்ட். எஞ்சிய 350 சென்ட்டில் மகன்களுக்குத் தலைக்கு 140, மகளுக்கு 70. அவள் அதனை மனமுவந்து அண்ணனுக்குக் கொடுக்க விரும்பினால் மார்க்கம் தடுக்கவில்லை. முதலில் அவள் பெயருக்குப் பட்டாவை மாற்றி, நிலத்தை அவள் வசம் ஒப்படையுங்கள்; சில காலம் அதன் விளைச்சலை அவள் கண்ணால் காணட்டும்; அதன் பிறகும் கொடுப்பாளாயின் பெற்றுக்கொள்ளுங்கள் என்று மார்க்க அறிஞர்கள் கூறுவர். 70 சென்ட்டின் காப்பியை ஒரு முறை விற்றுப் பணத்தை எண்ணிய பெண், அடுத்த நாள் கையொப்பமிட வருகின்றாளா என்று பார்த்தால் முன்னைய கையொப்பங்கள் எத்தகையவை என்பது விளங்கிவிடும்.