குடியிருப்போன் எவன்?

நிலத்தைப் பறித்தவன் அடுத்துப் பறிக்க வருவது நாவை. கொடியை இறக்க ஒரு நாள் போதும். மொழியை இறக்கவோ பள்ளி வேண்டும், பாடநூல் வேண்டும், தலைமுறைக் கணக்கில் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். கரீபியக் கடலிலுள்ள புவேர்த்தோ இரீக்கோத் தீவில் அமெரிக்க வல்லரசு அந்தப் பொறுமையோடுதான் தொடங்கியது. 1898-இல் எசுப்பானியாவிடமிருந்து தீவைக் கைப்பற்றியபின், ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்குள்ள பள்ளிகளில் ஆங்கிலம் திணிக்கப்பட்டது. திட்டங்கள் பலமுறை மாறின, நோக்கம் மாறவில்லை. 1948 முதல் 1957 வரை, வல்லரசின் நிழலில் தீவின் சட்டமன்றமே இயற்றிய வாய்ப்பூட்டுச் சட்டத்தால், தன் கொடியைத் தன் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாயிற்று.

1917-இல் அத்தீவினர்க்கு அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. ஆயினும் தீவில் வாழ்வோர் அந்நாட்டுக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க இயலாது. அமெரிக்கப் பேராயத்தில் அவர்களுக்கு ஒரே ஒரு பேராளர் உண்டு. அவருக்கும் அவையின் இறுதி வாக்கெடுப்பில் வாக்கில்லை. அப்பதவியின் பெயர் 'குடியிருப்பு ஆணையர்' என்பது! வாக்கில்லாதவனுக்குக் குடியிருப்போன் என்று பெயர் சூட்டுவதை விடவும் கொடிய நகைச்சுவை வேறுண்டோ?

அதே சொல்லைத் தன் பெயராகச் சூட்டிக்கொண்டு, அதற்கு உண்மைப் பொருள் தேடிப் புறப்பட்டவன் ஒருவன். அவன் ஆணையன் அல்லன், தெருப்பாட்டுக்காரன். 'இராப்' எனப்படும் சொல்லிசையில் எசுப்பானிய மொழியுலகம் முழுதும் அறிந்த இரெனே பெரேசு ஓக்லார் என்னும் 'இரெசிதெந்தே'யே அவன்.

1978 பிப்பிரவரி 23-ஆம் நாள் தலைநகர் சான் குவானில் பிறந்தவர் அவர். தாய் நாடகக் கலைஞர். தந்தை தொழிலாளர்க்கு வாதாடிய வழக்கறிஞர். ஓவியம் பயின்று, அமெரிக்காவின் சவானா நகரிலுள்ள கலைக் கல்லூரியில் மேற்பட்டமும் பெற்றார். ஆங்கில நாட்டில் கற்றும் ஆங்கிலப் பாட்டுக்காரராக அவர் திரும்பவில்லை. அவர் குடும்பம் வாழ்ந்த குடியிருப்பின் வாயிலில் காவலர் ஒருவர் நிற்பார். உள்ளே செல்வோரை நிறுத்தி, குடியிருப்போரா, வந்து போவோரா என்று வினவுவார். இரெனே 'குடியிருப்போன்' என்பார். அவரைக் காண வரும் மாற்றுடன்பிறப்பு எதுவார்தோ காபுரா 'வந்து போவோன்' என்பார். அவ்விரு விடைகளே இருவர்க்கும் கலைப்பெயர் ஆயின. அவ்வீடு இருந்த 13-ஆம் தெருவே, 'காயே 13' என அவர்தம் குழுவின் பெயராயிற்று.

விளையாட்டாகச் சூட்டிய பெயருக்கு 2005-இல் வினைப்பொருள் கிட்டியது. இலாரெசு ஊரில் 1868-இல் எழுந்த விடுதலைக் கிளர்ச்சியை அத்தீவினர் ஆண்டுதோறும் செப்தம்பர் 23 அன்று நினைவுகூர்வர். அதே நாளில், வங்கிப்பணக் கொள்ளை வழக்கில் பல்லாண்டுகள் தேடப்பட்ட விடுதலைப் படைத் தலைவர் பிலிபெர்த்தோ ஓகேதா இரீயோசின் வீட்டை அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையினர் சூழ்ந்தனர். அகவை 72 கண்ட அம்முதியவர் குண்டடிபட்டுக் குருதி வடிந்து இறந்தார். அலுவலர் உள்ளே நுழைந்ததோ மறுநாள்! ஓரிரு நாளுக்குள் இரெனே ஒரு பாட்டு எழுதி முடித்தார். அப்புலனாய்வுத் துறைக்கே மடலாக அமைந்த பாட்டு அது. குழுவின் முதல் இசைத்தொகை அப்பொழுது வெளிவரவில்லை. வாணிகம் கெட்டுவிடுமோ என்று எண்ணும் இளைஞர் எவரும் வாய்மூடியிருக்கும் வேளை அது. அவர் வாய் திறந்தார்.

வாய் திறப்பதற்கு விலை உண்டு. 2009-இல் ஆளுநர் உலூயிசு போர்த்துனியோ ஏறத்தாழ 17,000 அரசு ஊழியரை வேலைநீக்கம் செய்தபொழுது, பன்னாட்டு விருதுவிழா மேடையில் நின்று இரெனே அவரைக் கடுஞ்சொல்லால் திட்டினார். தம் சொந்தத் தலைநகரில் நடக்கவிருந்த இசைநிகழ்ச்சி கைவிடப்பட்டது. கொலம்பியக் குடியரசுத் தலைவரைச் சாடிய சொற்கள் பொறித்த உடையணிந்தமைக்கு அந்நாட்டிலும் ஒரு நிகழ்ச்சியை இழந்தார். சொல்லின் கடுமையை ஏற்க இயலாதவர் பலர், அது முறையே. ஆனால் பதினேழாயிரம் வீடுகளில் அடுப்பணைத்தவனின் பேச்சு நாகரிகமானது, அதைக் கண்டித்தவனின் பேச்சு இழிவானது என்னும் தீர்ப்பை மட்டும் எவரும் ஏற்கலாகாது.

2011-ஆம் ஆண்டு இலத்தீன் கிராமி விழாவில் ஒரே இரவில் 9 விருதுகளைக் 'காயே 13' வென்றது. அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை அது. வென்ற பாட்டுகளுள் தலையாயது 'இலத்தீன் அமெரிக்கா'. கொலம்பியாவின் தோத்தோ இலா மோம்போசினா, பெருவின் சுசானா பாகா, பிரேசிலின் மரியா இரீத்தா ஆகிய மூன்று பெண்டிர் அதில் உடன்பாடினர். மூன்றாமவர் பாடியது தம் போர்த்துகீசிய மொழியில். அப்பாட்டின் ஒளிப்படமோ கெச்சுவா மொழியின் வானொலிக் குரலோடு தொடங்குகிறது.

இது சிறு செய்தி அன்று. எசுப்பானியமும் அம்மண்ணின் மூத்த மொழி அன்று. வாளோடும் சிலுவையோடும் வந்து தைனோ மக்களின் நாவை அறுத்த மொழி. இன்று ஆங்கிலத்தின் முன் ஒடுக்கப்படும் மொழியே ஐந்நூறு ஆண்டுகட்கு முன் ஒடுக்கிய மொழி. இவ்வுண்மையை மறைத்து எசுப்பானியப் பெருமை பாடுவது எளிது. தம் பெரும்பாட்டின் வாயிலிலேயே கெச்சுவாவை நிற்கச் செய்தவர் அந்த எளிய வழியில் செல்லவில்லை. தன் மொழியுரிமை கேட்பவன் பிறர் மொழியுரிமைக்கு இடம் விடவேண்டும். இல்லையேல் அவன் கேட்பது உரிமை அன்று, ஆண்டைப் பதவி.

2017-இல் வெளியிட்ட தனித்தொகைக்காகத் தம் மரபீனியை ஆய்ந்து, அது சுட்டிய சைபீரியா, காக்கேசியம், சீனம், புர்க்கினா பாசோ முதலிய இடங்களுக்குச் சென்று அங்குள்ள இசைஞரோடு பாடினார். 2020-இல் 'இரெனே' என்னும் பாட்டில் புகழின் நடுவே தம்மை வாட்டிய உளச்சோர்வை ஒளிக்காமல் உரைத்தார். உலகைச் சுற்றியவன் ஏங்கியது பிறந்த தெருவுக்கே. 2022-இல் 'அமெரிக்கா' என்னும் கண்டத்தின் பெயரை ஒரே நாடு கவர்ந்துகொண்டதைக் கண்டித்துப் பாடினார். ஆங்கிலப் பாட்டொன்றுக்கு மறுமொழி ஆதலின் தலைப்பை ஆங்கிலத்திலேயே வைத்தார். சொல்லை மீட்கும் பாட்டுக்கும் இரவல் தலைப்பா என்று கேட்போர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இனிப் பயன் யாதெனும் வினா. 1991-இல் எசுப்பானியம் மட்டுமே தீவின் ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. 1993-இல் ஆங்கிலத்தை மீண்டும் அரியணையில் ஏற்றியவர் ஆளுநர் பேத்ரோ உரோசெல்லோ. அவர் மகன் இரிக்கார்தோவும் பின்னாளில் ஆளுநரானார். 2019 சூலையில், அவரும் உடனிருந்தோரும் பெண்களையும் புயலில் மாண்டோரையும் எள்ளிய 889 பக்கச் செய்திகள் வெளிப்பட்டன. இரெனேயும், தங்கை இலியானாவும், பேடு பன்னி என உலகறிந்த பெனித்தோ மார்த்தீனெசும் 'கத்தி தீட்டல்' என்னும் பாட்டைச் சில நாள்களிலேயே வெளியிட்டு, மக்களோடு தெருவில் நின்றனர். இலக்கக்கணக்கானோர் திரண்டனர். சூலை 24-இல் ஆளுநர் பதவி விலகல் அறிவித்தார். தந்தை ஆங்கிலத்தை ஏற்றினார். எசுப்பானியத் தெருமுழக்கம் மகனை இறக்கியது.

ஆனால் 2024 தேர்தலில் விடுதலைக் கட்சியின் குவான் தால்மாவுக்கு அதே பாடகர்கள் துணைநின்றும் அவர் இரண்டாமிடமே பெற்றார். அமெரிக்க மாநிலமாதலை விரும்பும் கட்சியே வென்றது. பாட்டு ஆளுநரை இறக்கும். அடிமை முறியைக் கிழிக்காது. அதைக் கிழிக்க அமைப்பு வேண்டும், ஊர்தோறும் உழைப்பு வேண்டும், சலியாத நெஞ்சம் வேண்டும். பாடகனிடம் அதையும் எதிர்பார்ப்பது மக்களின் சோம்பல்.

எனினும் பாடகன் செய்தது சிறிதன்று. வாக்கற்ற மக்கள் தம் வாயை இழக்கவில்லை என்று மெய்ப்பித்தான். அரசு பறித்ததை அரசே மீட்டுத் தரும் என்று காத்திராமல், தெருமொழியையே அரங்கேற்றினான். எவன் மொழி ஒரு மண்ணில் பாடுகிறதோ, சினக்கிறதோ, அழுகிறதோ, அவனே அம்மண்ணின் குடியிருப்போன். மற்றவன், எத்துணைப் படையோடு நின்றாலும், வந்து போவோனே!