விற்பனையாளருக்கு எத்தனை செயலி?

விழுப்புரத்தில் காலை எட்டு மணி. ஏஜென்சிக் கிடங்கின் வாசலில் ஓர் இளைஞர் நிற்கிறார். முதுகில் பை, பக்கத்தில் இரு சக்கர வண்டி. கைப்பேசியை உயர்த்திப் பிடித்துத் தம் முகத்தைத் தாமே படம் எடுத்துக்கொள்கிறார். அழகு பார்ப்பதற்காக அல்ல. அது அவருடைய வருகைப் பதிவு!

அடுத்து இன்னொரு செயலியைத் திறந்து, இன்று போகவேண்டிய கடைகளைப் பார்க்கிறார். பெட்ரோல் கணக்குக்கு மூன்றாவது செயலி. பயிற்சிப் பாடத்துக்கு நாலாவது. இவை போக வாட்ஸ்அப் குழுக்கள்: ஏஜென்சிக்கு ஒன்று, ஏரியா மானேஜருக்கு ஒன்று, சரக்கு தரும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று. விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, மயிலம் என்று கடை கடையாக ஏறி இறங்கித் திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் செய்திகள் மலையாகக் குவிந்துவிடுகின்றன. அவற்றில் பாதி, பூப்படம் போட்ட "காலை வணக்கம்".

இப்படிப்பட்டவர்களை இந்த இரண்டு ஊர்களிலும் தினமும் பார்க்கலாம். இவர்கள் கையிலுள்ள கருவிகள் எல்லாம் ஒன்றாக வேண்டும் என்பது நமது கருத்து. மானேஜர்களின் வசதிக்காக இதைச் சொல்லவில்லை. இப்போதுள்ள குழப்பத்தின் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று பார்த்த பிறகே சொல்கிறோம்.

நஷ்டம் யாருக்கு?

ஒரு சோப்புக்கு "டஜனுக்கு ஒன்று இலவசம்" என்று ஸ்கீம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமையோடு அது முடிந்தது. முடிந்த செய்தி இரவு ஒன்பது மணிக்கு ஒரு குழுவில் வந்தது. விற்பனையாளர் அதைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை மளிகைக் கடையில் பழைய ஸ்கீமைச் சொல்லி ஆர்டர் எடுத்துவிட்டார். அடுத்த வாரம் வசூலுக்குப் போகிறார்.

"டஜனுக்கு ஒண்ணு ஃப்ரீன்னு சொன்னியே தம்பி, பில்லுலே காணோமே?"

"ஆபீஸ்லே கேட்டுச் சொல்றேன் அண்ணாச்சி."

ஆபீசில் என்ன பதில் வரும் என்பது அவருக்கே தெரியும். கடைக்காரர் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் பணம் தருவார். ஏஜென்சி அதை விற்பனையாளர் சம்பளத்தில் பிடிக்கும். செய்தியை அனுப்பியவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. குழுவில் போட்டாகிவிட்டது அல்லவா?

2025 செப்டம்பர் 22-ந் தேதியை வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் முதலிய பண்டங்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்த நாள் அது. செப்டம்பர் 3-ந் தேதி முடிவு செய்தார்கள். மூன்று வாரத்துக்குள் அமலுக்கு வந்தது. பழைய விலை அச்சிட்ட சரக்கை என்ன விலைக்கு விற்பது? ஏற்கெனவே வாங்கி அடுக்கியதற்குக் கழிவு உண்டா? கடைக்காரர் இந்தக் கேள்விகளை மந்திரியிடமா கேட்பார்? எதிரே நிற்கும் விற்பனையாளரிடம்தான் கேட்பார். விற்பனைப் பயிற்சி என்பது பெரிய ஓட்டலில் வகுப்பு நடத்துவது மட்டும் அல்ல. அன்றைய கேள்விக்கு அன்று காலையில் பதில் தெரிந்திருப்பதும் பயிற்சிதான். பாடம் ஒரு செயலியிலும், விலைப்பட்டியல் இன்னொன்றிலும், திருத்தம் ஒரு குழுவிலும் இருந்தால் அந்தப் பதில் கடைக்கு வந்து சேராது.

பணம் மட்டுமா? 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் 50 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் 2-ந் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட, ரயில்கள் நின்றன. இப்படிப்பட்ட நாளில் "இன்று லைனுக்குப் போகவேண்டாம்" என்ற ஒரு வரி, எட்டுக் குழுக்களில் எதில் வரும் என்று ஒரு மனிதர் தேடிக்கொண்டிருக்கலாமா?

தபால் இலாகா செய்தது

அந்தக் காலத்தில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் தோல் பையுடன் விழுப்புரம் ஜங்ஷனில் வந்து இறங்குவார்கள். ஐந்து பக்கமும் ரயில் பாதை பிரியும் ஊர் ஆயிற்றே! கம்பெனியிலிருந்து அவர்களுக்கு வரும் உத்தரவு தபாலில் வரும். தாமதமாக வரும், ஆனால் ஒரே கடிதமாக வரும்.

அதே தபால் இலாகா இன்று நமக்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. அஞ்சலக ஊழியரும் இப்போது ஒரு விற்பனையாளர்தான். சேமிப்புக் கணக்கு, ஆயுள் காப்பீடு, 2018-ல் தொடங்கிய அஞ்சல் வங்கி எல்லாவற்றுக்கும் அவரே ஆள் சேர்க்கவேண்டும். பலவாகப் பிரிந்து கிடந்த கணினி முறைகளுக்குப் பதிலாக ஒரு புதிய முறையை இலாகா தானே உருவாக்கியது. முதலில் கர்நாடகத்தில் சோதித்துக் குறைகளைத் திருத்தியது. பிறகு 2025 ஆகஸ்டுக்குள் நாட்டிலுள்ள 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களை அதில் கொண்டுவந்தது. நாம் முக்கியமாகக் கருதுவது இதையல்ல. 4.6 லட்சம் ஊழியர்களுக்கு ஒருமுறை பயிற்சி, மறுபடி பயிற்சி, பிறகு நினைவூட்டல் என்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியும் தொடக்க நாட்களில் சில ஊர்களில் கணினி திணறியது. மக்கள் காத்து நின்றார்கள். மூன்று தடவை சொல்லிக்கொடுத்தே இந்தத் திணறல் என்றால், ஒரு தடவைகூடச் சொல்லித்தராமல் செயலியை மட்டும் இறக்கச் சொல்லும் கம்பெனிகளை என்னவென்பது?

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தபாலுக்கு எஜமான் ஒருவர். நமது ஏஜென்சி விற்பனையாளருக்கு எத்தனை கம்பெனியோ அத்தனை எஜமானர்கள்! செயலியைக் கொடுப்பது கம்பெனி. சம்பளம் கொடுப்பது ஏஜென்சி. கம்பெனிகள் தாமாகக் கூடி ஒன்றாக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். செய்யவேண்டியவர் ஏஜென்சி முதலாளி.

அதற்குப் பெரிய செலவும் தேவையில்லை. அறிவிப்புக்கென்று ஒரே குழு. அதில் மானேஜர் மட்டும் எழுதட்டும். ஸ்கீம் எல்லாம் ஒரே பட்டியலாக, தமிழில், முடியும் தேதியுடன் இருக்கட்டும். கம்பெனி அனுப்பும் ஆங்கிலச் சுற்றறிக்கையை ஏஜென்சியில் ஒருவர் படித்து, இரண்டு நிமிடக் குரல் பதிவாகச் சொல்லிவிடலாம். விற்பனையாளர் திருப்பிக் கேட்பதற்கும் ஓர் இடம் வேண்டும். கடையில் நிலவரம் என்ன என்று முதலில் தெரிவது அவருக்குத்தானே!

பாடத்தை இரவு ஒன்பது மணிக்கு வைப்பதை மட்டும் நம்மால் ஏற்க முடியாது. நாள் முழுக்க வெயிலில் அலைந்தவர், குழந்தைகள் தூங்கும் நேரத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டுமாம். ஜவுளிக் கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் செய்தது. அலைகிற விற்பனையாளருக்கு இரவை விட்டுக்கொடுக்கக் கூடாதா? லைன் கிளம்புமுன் கிடங்கிலேயே கால் மணி நேரம், தேநீரோடு சொல்லிக்கொடுத்தால் போதும்.

எல்லாவற்றையும் ஒன்றாக்குகிறோம் என்று சொல்லி, அவர் எங்கே நிற்கிறார், எத்தனை நிமிடம் நிற்கிறார் என்று வேவு பார்க்கும் கருவியாக அதை ஆக்கிவிடுவதும் உண்டு. வேலை முடிந்ததும் அந்தக் கண் மூடிக்கொள்ள வேண்டும்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள ஏஜென்சிக்காரர்கள் ஒரு நாள் மாலை கூடிப் பேசலாம். நேரத்துக்குத் தெரிவிக்காத ஸ்கீமால் வரும் குறைவை யார் ஏற்பது என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்து, எழுதிக் கையெழுத்திட்டுக் கிடங்குச் சுவரில் ஒட்டிவிடட்டும்.