மரை முறுக்கும் கைக்கு மொழி எது?

ஊர்தித் தொழில் என்றவுடன் நம்மவர் நெஞ்சில் சென்னையின் பெருந்தொழிற்சாலைகளே தோன்றுகின்றன. நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டை எண்ணுவார் சிலரே. வெறும் அடிச்சட்டமாய் வந்துசேரும் சரக்குந்தின்மேல் காற்றழுத்தப் பொறியும் நெடுந்தூணும் எண்ணெய்க் குழாய்களும் பூட்டி, பாறையைத் துளைத்து நீர் காணும் ஊர்தியாக்கி அனுப்பும் பட்டறைகள் அங்குள்ளன. ஊரார் அதனை ‘இரிக்கு வண்டி’ என்பர். பூட்டுபவர் பொருத்துநர். தொழிற்பயிற்சி நிலையங்களில் அவ்வழகிய பெயர் முன்பே வழங்குகின்றது. ஆயின், பெயரளவில்தான் தமிழ்!

அவர் வேலையை வெறுந் தோள்வலி வேலையென்று எண்ணற்க. 10 மி.மீ. மரையாணி என்பது ஒன்றன்று. மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி உடையதும் உண்டு, 1.25 மி.மீ. உடைய நுண்மரையும் உண்டு. மாற்றிப் பூட்டினால் முதற்சுற்று ஏறும், பிறகு பிடிக்கும், வலிந்து முறுக்கினால் மரை அழியும். அளவு மீறி முறுக்கிய ஆணி நீண்டு இற்றுப்போகும். குறைய முறுக்கியது ஊர்தியின் அதிர்விலேயே கழலும். எவ்வாணிக்கு எத்துணை முறுக்கு என்பது கையேட்டில் உள்ளது. கையேடோ ஆங்கிலம்.

இதனினும் கொடியது எண்ணெய்க் குழாய். வளிமண்டல அழுத்தத்தைப்போல் 100 மடங்கிற்கு மேற்பட்ட அழுத்தம் அதனுள் நிற்கும். பொறியை நிறுத்திய பின்னும் அது முற்றும் அடங்கிவிடுவதில்லை. ஊசிமுனையளவு பொத்தலில் கசியும் எண்ணெய், கையால் தடவித் தேடுபவரின் விரலுள் தோலைத் துளைத்துப் பாயும். வெளியே தெரிவது சிறு புள்ளி. முதலில் வலியும் மிகுதியாயிராது. உடனே அறுவை மருத்துவரிடம் செல்லாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரும். ‘கையால் தேடாதே, அட்டையால் தேடு, அழுத்தத்தை வடித்தபின் கழற்று’. இவ்வளவே சொல்ல வேண்டியது. அதைச் சொல்லும் தகடும் பெரும்பாலும் ஆங்கிலமே. படிக்கவியலாத எச்சரிக்கை யாருக்கு எச்சரிக்கை?

ஊர்தி பிற மாநிலங்களுக்கும் கடல்கடந்தும் போகின்றதே என்பர் முதலாளிமார். போகட்டும், வாங்குவோர் மொழியில் ஒரு தகடு இருக்கட்டும். பூட்டும் கை இங்கேயன்றோ இருக்கின்றது? (வடக்கிலிருந்து வந்து உழைப்பார்க்கு அவர்தம் மொழியில் எழுதுவதையும் நாம் தடுத்தோமில்லை.) ஒரு தகரத்துண்டில் இரண்டு வரி தமிழெழுத எத்துணைப் பொருள் செலவாகிவிடும்?

நம் புலவர்க்கும் ஒரு சொல். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் நூலில் ஊன்றியது, மேடையில் ஊன்றியது; பட்டறையில் ஊன்றவில்லை. அறையில் அமர்ந்து ஆக்கிய நீண்ட கலைச்சொல்லைச் சம்மட்டி ஒலிக்கிடையே யார் கூவுவார்? ‘பேருந்து’ வாயில் அடங்கிற்று, ஆதலின் வென்றது. மரை, ஆப்பு, அச்சு, பல், முறுக்கு என்பனவெல்லாம் தொழிலாளர் நாவில் இன்றும் உள்ளவை. மூளை பிறழ்ந்தவனை ‘மரை கழன்றவன்’ என்று ஊரே சொல்லும்போது, ‘திரெட்டு’ எதற்கு? வண்டித்தச்சரிடம் குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி என உறுப்புதோறும் பெயருண்டு. உப்பு வணிகர் வண்டியடியில் கட்டிச்சென்ற மாற்றச்சை ஔவையார் புறநானூற்றில் ‘சேம அச்சு’ என்றார். ‘இசுடெப்னி’யைச் சேமவுருளை என்றால் நா சுளுக்கிக்கொள்ளுமோ?

திருச்செங்கோட்டிலும், சரக்குந்துக் கூடு கட்டும் நாமக்கல்லிலும், பேருந்துக் கூடு கட்டும் கரூரிலும் உள்ள அன்பர்கள் ஆளுக்கொரு பட்டறைக்கேனும் செல்க. எவ்வுறுப்பைப் பொருத்துநர் எப்பெயரால் அழைக்கின்றார் எனக் கேட்டெழுதி இதழுக்கு விடுக்க. தகட்டுக்கு வேண்டிய இரண்டு வரிகள் மேலேயே உள்ளன. அவற்றையும் முதலாளியிடம் கொடுத்து வருக.