நாமக்கல் முட்டையும் ஜப்பான் சோறும்

ஜப்பானுக்குக் கிளம்புற நம்ம சேலம், நாமக்கல் பசங்க மண்டைக்குள்ள ஏற்கெனவே ஒரு ஜப்பான் ரெடியா இருக்கு. அங்கே ரோபோ காபி கொடுக்கும், புல்லட் ட்ரெயின் பறக்கும், ரஜினின்னு சொன்னா போதும், கதவு திறக்கும்! கடைசி சமாச்சாரம் முழுப் பொய் இல்ல பாஸ். 1998-ல 'முத்து' அங்கே ரிலீஸாகி சக்கைப்போடு போட்டது நிஜம். ஆனா, அதைச் சொல்லி மேனேஜர்கிட்ட லீவு வாங்க முடியாது.

ரோபோ தேசமா? அரசாங்க வேலைக்கு ஃப்ளாப்பி டிஸ்க்குல ஃபைல் கொடுக்கச் சொல்ற விதிகளை அவங்க கிட்டத்தட்ட ஒழிச்சுக் கட்டினதே 2024-லதான்!

சாப்பாட்டுக்கு வருவோம். நாமக்கல்காரனுக்கே முட்டைப் பாடம் எடுக்கிற ஊர் அது. சுடுசோத்துல பச்சை முட்டையை உடைச்சு ஊத்தி, சோயா சாஸ் விட்டுக் கலக்கி அடிப்பாங்க. முட்டை பாக்கெட்ல போட்டிருக்கிற தேதி, அதுவரைக்கும் பச்சையா சாப்பிடலாம்னு அர்த்தம். அப்புறம் வேகவெச்சுதான் சாப்பிடணும். 'நான் சைவம், சூப் போதும்'கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: அந்த சூப்புல பெரும்பாலும் காய்ஞ்ச மீன் கொதிச்ச தண்ணிதான் இருக்கும்.

நம்மாளு ரொம்ப பயப்படுறது பாஷைக்கு. எழுத்துக்கு பயப்படுங்க, நியாயம். வாக்கியத்துக்கு எதுக்கு? 'சேலத்துக்குப் போறேன்' - 'சேராமு நி இகிமாஸ்'. நம்ம 'க்கு' இருக்கிற இடத்துல அவங்க 'நி'. கடைசியில ஒரு 'கா' சேர்த்தா கேள்வி, நம்ம 'போறீங்களா' மாதிரி. 'சாப்பிட்டுப் பாரு'ன்னு நாம சொல்றதை அவங்களும் சாப்பிடு, பாருங்கிற ரெண்டு வார்த்தையைக் கோத்துதான் சொல்றாங்க. இங்கிலீஷ்ல நாம முக்கின முக்கு இதுல பாதிகூட இல்ல.

நிஜமா சறுக்குற இடம் வேற. அங்கே 'முடியாது'ன்னு முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க. 'சோத்தோ...'ன்னு இழுப்பாங்க. 'கொஞ்சம்'னு அர்த்தம். டிக்‌ஷனரியை நம்பி, கொஞ்ச நேரத்துல ஆகிடும்னு காத்திருந்தா போச்சு! பொண்ணு பார்த்துட்டுப் போனவங்க 'பார்க்கலாம்ங்க'ன்னு சொன்னா நமக்கு எப்படிப் புரியுதோ, அப்படிப் புரிஞ்சுக்கணும்.

நர்ஸிங் முடிச்சிட்டு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. 2019-ல வந்த திறன் தொழிலாளர் விசாவோட முதல் படியில மொத்தம் 5 வருஷம் வரைக்கும் இருக்கலாம், ஆனா குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது. அதுக்கு ஏத்துக்கிற மொழித் தகுதிகள்ல 'என்4'-ம் ஒண்ணு. ஆனா, அந்தப் பரீட்சையில பேச்சுத் தேர்வே கிடையாது! ஒரு வார்த்தை பேசாம சர்டிஃபிகேட் வாங்கிடலாம். அங்கே படுக்கையில இருக்கிற பாட்டிக்கு சர்டிஃபிகேட்டா தெரியும்? 'தோகோ கா இதாய் தெஸ் கா?' - எங்கே வலிக்குதுன்னு வாய் திறந்து கேட்கணும். அவங்க முனகுற பதிலும் புரியணும். ஹாஸ்டல் ரூம்மேட்கிட்ட இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிங்க.