யந்திரத்தின் வாக்கு வேதவாக்கா?

மனிதன் பேசுகின்ற வேகத்திற்கு அவன் கை எழுத முடிவதில்லை என்பது யாவரும் அறிந்ததே. இக்குறையைத் தீர்க்கவே இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் என்பவர் 1837ல் ஓசைகளைக் கோடுகளாக்கும் சுருக்கெழுத்து முறையை வெளியிட்டார். பழகிய கை இம்முறையில் நிமிஷத்திற்கு 100 வார்த்தைகளுக்கு மேலும் எழுதிவிடும். ஆனால் எழுதியதை மறுபடியும் உட்கார்ந்து சாதாரண எழுத்தில் பெயர்த்தெழுத வேண்டியிருக்கின்றது. அந்த வேலையைக் கணினியே செய்யும்படி பழக்க, 1980களில் அந்நாட்டில் லீதம், டவுன்டன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் முயன்றார்கள். இத்தகைய முயற்சியை நாம் மனதார வரவேற்கின்றோம்.

ஆனால், “யந்திரம் படித்துவிட்டது, இனி அதில் பிசகு ஏது?” என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கின்றது. பிட்மன் முறையில் மெல்லிய கோடு ஓர் ஓசை. அதே கோடு சற்றுத் தடித்தால் வேறோர் ஓசை. அவசரத்தில் கையானது தடிப்பையும் தவறவிடும், உயிரோசைக் குறிகளையும் விட்டுவிடும். அப்பொழுது பந்தயத்திற்குள்ள ஆங்கில வார்த்தையும் படகுக்குள்ள ஆங்கில வார்த்தையும் ஒரே கோடாய்ப் போய்விடும். நமக்கும் இது புதிதல்ல. “பாவம்” என்று எழுதினால், அது செய்த குற்றமா, நடிகன் முகத்தில் காட்டும் உணர்ச்சியா என்பதை எழுத்து சொல்லாது. முன்பின் வார்த்தைகளைக் கொண்டு நம் அறிவுதான் சொல்லும். யந்திரமும் அகராதியையும், எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை வருவது வழக்கம் என்ற கணக்கையும் வைத்துக்கொண்டு ஊகிக்கவே செய்கின்றது.

ஆபத்து இங்கேதான் இருக்கின்றது. அந்தக் கணக்கு வழக்கத்தின் பக்கமே சாயும். கோர்ட்டில் சாட்சி சொல்லும் ஏழை ஒருவன் வழக்கத்திற்கு மாறான ஒன்றைச் சொன்னால், யந்திரம் அதை வழக்கமானதாக மாற்றி, அழகான அச்செழுத்தில் கொடுத்துவிடக் கூடும். கிறுக்கலைச் சந்தேகிக்கின்றவர்கள் அச்சைச் சந்தேகிப்பதில்லை. அவன் வாயில் வராத வார்த்தைக்கு அவனல்லவா பதில் சொல்ல நேரும்?

ஆதலால் யந்திரம் வேண்டாமென்பதா நமது அபிப்பிராயம்? ஒருநாளும் அல்ல. எழுதிய கோடுகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்; சந்தேகமான வார்த்தைகளுக்கு யந்திரம் அடையாளமிட்டுக் காட்ட வேண்டும்; எழுதியவர் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அது செல்ல வேண்டும் என்றுதான் சொல்லுகின்றோம். ஏட்டில் இருக்கின்றது என்பதற்காக மட்டும் எதையும் ஒப்புக்கொள்ளாத நாம், யந்திரம் சொல்லிற்று என்பதற்காக மட்டும் ஒப்புக்கொள்ளுவானேன்?